கடைசியாகக் காணப்பட்ட ஆண்டு

2023 அக்டோபரில் அமெரிக்க மீன், வனவுயிர்த் துறை தன் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து 21 உயிரினங்களை நீக்கியது. அவை அழிந்துவிட்டன என்று முடிவு செய்யப்பட்டதே காரணம். பத்துப் பறவைகள், இரண்டு மீன்கள், ஒரு பழந்தின்னி வௌவால். மீதி எட்டும் நன்னீர் மட்டிகள்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு ஆண்டுகள் இருந்தன. ஒன்று, சட்டப் பாதுகாப்பு கிடைத்த ஆண்டு. மற்றது, உயிரோடு கடைசியாகக் காணப்பட்ட ஆண்டு. மட்டிகளில் டர்ஜிட் பிளாசம், யெல்லோ பிளாசம் ஆகிய இரண்டும் 1976இல் பாதுகாப்புப் பெற்றன. கடைசியாகக் காணப்பட்டது 1960களின் நடுவில். டியூபர்கிள்ட் பிளாசத்துக்கும் பாதுகாப்பு 1976இல்தான். கடைசியாகக் காணப்பட்டது 1969இல். சதர்ன் ஏகார்ன்ஷெல்லுக்குப் பாதுகாப்பு 1993இல், காணப்பட்டது 1973இல். அப்லேண்ட் கோம்ப்ஷெல்லுக்கும் 1993. காணப்பட்டது 1980களின் நடுவில். ஃப்ளாட் பிக்டோ, ஸ்டிரப்ஷெல் இரண்டுக்கும் 1987. முன்னது 1984இலும் பின்னது 1986இலும் கடைசியாகக் கண்ணில் பட்டன. எட்டு மட்டிகளில், பாதுகாப்பு வந்த பிறகும் ஒருமுறையாவது காணப்பட்டது கிரீன் பிளாசம் மட்டுமே. அது 1982இல்.

எட்டில் ஏழு இனங்களுக்குச் சட்டம் வந்து சேர்ந்தபோது, அவற்றைக் கடைசியாகப் பார்த்த நாள் கடந்துவிட்டிருந்தது.

இந்த எட்டையும் அழித்ததில் வரிக்குதிரை மட்டி என்ற அயல்நாட்டு இனத்துக்குப் பங்கில்லை. அது வட அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1988 ஜூனில். அதற்குள் எட்டும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டன. ஆக, மட்டிகளைப் பொறுத்தவரை 2023இல் வெளியானது 1988க்கு முந்தைய கணக்கு. அதற்குப் பிந்தைய கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உலகில் நன்னீர் மட்டிகள் மிக அதிக இனங்களாகப் பெருகியது வட அமெரிக்காவில். அங்கே சுமார் 300 இனங்கள் அறியப்பட்டுள்ளன. டென்னசி, அலபாமா மாநில ஆறுகளில் அவை மிக நெருக்கமாக வாழ்ந்தன. ஆற்றுப் படுகையின் சரளையில் பாதி உடல் புதைந்து கிடக்கும். நீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள நுண்பாசியையும் பாக்டீரியாவையும் வடித்து உண்டு, எஞ்சிய நீரை வெளியே விடும். பெரிய மட்டி ஒன்று ஒரு நாளில் 40 லிட்டர் வரை வடிக்கும். பல இனங்கள் முப்பது நாற்பது ஆண்டுகள் வாழும். சில இனங்கள் நூறு ஆண்டைத் தாண்டும்.

நீண்ட ஆயுள் இங்கே பார்ப்பவரை ஏமாற்றிவிடும். அதற்கு அவற்றின் இனப்பெருக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பெண் மட்டி தன் செவுளுக்குள் முட்டைகளை வளர்க்கிறது. அவற்றிலிருந்து வருவது குளோகிடியா எனப்படும் லார்வா. உப்புக்கல்லைவிடச் சிறியது, இரண்டு ஓடுகள் கொண்டது. இது தனியே வாழாது. சில நாட்களுக்குள் ஒரு மீனின் செவுளையோ துடுப்பையோ பற்றிக்கொள்ள வேண்டும். அங்கே சில வாரங்கள் ஒட்டியிருந்து உருமாறி, பிறகு உதிர்ந்து படுகையில் விழுந்து தன் வாழ்வைத் தொடங்கும். எந்த மீனும் போதும் என்பதில்லை. பல இனங்களுக்கு ஒன்றிரண்டு மீனினங்களே ஒத்துவரும். பொருந்தாத மீனின் உடல் லார்வாவை நிராகரித்துவிடும்.

சரியான மீனை அருகே வரவழைக்க இந்த மட்டிகள் அடைந்திருக்கும் வடிவங்கள் நம்ப முடியாதவை. லாம்ப்சிலிஸ் பேரினப் பெண் மட்டியின் உடல் விளிம்பு ஒரு குட்டி மீனைப் போலவே வளர்ந்திருக்கும். கண் புள்ளியும் வாலும் உண்டு, துடிக்கவும் செய்யும். இரை என்று நினைத்துப் பாஸ் மீன் அதைக் கவ்வும்போது லார்வாக்கள் அதன் வாய்க்குள் பீய்ச்சப்படும். ஸ்னஃப்பாக்ஸ் என்ற மட்டி, கூழாங்கல்லைப் புரட்டி இரை தேடும் லாக்பெர்ச் மீனின் தலையை ஓடுகளால் இறுகப் பிடித்து, லார்வாக்களைச் செலுத்தி, பிறகே விடும். அழிந்த எட்டில் ஆறு இனங்கள் இந்த ஸ்னஃப்பாக்ஸின் நெருங்கிய உறவுகள். எபியோபிளாஸ்மா என்ற ஒரே பேரினம்.

மீன் வராவிட்டால் மட்டி சாகாது. அது வாழ்ந்துகொண்டேயிருக்கும். அதற்குக் குஞ்சு மட்டும் இருக்காது.

இதற்கு ஒரு தெளிவான சான்று மிசிசிப்பி ஆற்றில் உண்டு. எபோனிஷெல் என்ற கறுத்த ஓட்டு மட்டி அங்கே பெரும் படுகைகளாகக் கிடந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த ஜான் போப்பிள் என்ற பொத்தான் தொழிலாளி, 1891இல் அயோவா மாநிலத்தின் மஸ்கட்டீன் ஊரில் மட்டி ஓட்டிலிருந்து பொத்தான் வெட்டும் பட்டறையைத் தொடங்கினார். 1905இல் அந்த ஒரே ஊர் ஆண்டுக்கு 150 கோடி பொத்தான்கள் செய்தது. உலக உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அந்தத் தொழிலின் முதுகெலும்பு எபோனிஷெல். மட்டி குறைவது தெரிந்ததும் 1908இல் அரசு அருகிலுள்ள ஃபேர்போர்ட்டில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்தது. எந்த மட்டிக்கு எந்த மீன் என்பதைப் பற்றிய முதல் அறிவின் பெரும்பகுதி அங்கிருந்தே வந்தது. எபோனிஷெல்லின் மீன் ஸ்கிப்ஜாக் ஹெர்ரிங். ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து வலசை ஏறி வருவது.

1913இல் கியோகக் ஊரில் ஆற்றின் குறுக்கே அணை முடிந்தது. ஸ்கிப்ஜாக் ஹெர்ரிங் மேலே ஏறுவது நின்றது. அணைக்கு மேலே இருந்த எபோனிஷெல்கள் அப்படியே இருந்தன. பத்தாண்டுகள் கழித்தும் இருந்தன. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தேடியவர்களுக்கும் சில கிடைத்தன, எல்லாம் முதிர்ந்தவை. ஆற்றில் மட்டி இருக்கிறது என்று கணக்கெடுப்பு சொன்னது உண்மைதான். அந்தப் படுகையின் முடிவு எழுதப்பட்ட ஆண்டு 1913 என்பதும் உண்மை.

அலபாமாவில் டென்னசி ஆறு பாறை மேடுகள் மீது விரைந்து ஓடிய மசல் ஷோல்ஸ் என்ற பகுதியில் சுமார் 70 மட்டி இனங்கள் பதிவாகியிருந்தன. ஒரே இடத்தில் இத்தனை இனங்கள் உலகில் வேறெங்கும் பதிவாகவில்லை. 1924இல் வில்சன் அணை கட்டி முடிக்கப்பட்டது. மேடுகள் நீரில் மூழ்கின. ஓடும் நீர் தேங்கிய நீரானது; சரளைமேல் வண்டல் படிந்தது. வேறு அணைகள் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டதால், கீழே பல கிலோமீட்டருக்கு மட்டிகள் உயிரோடிருந்தும் இனப்பெருக்கம் செய்ய முடியவில்லை. டென்னசியையும் டோம்பிக்பி ஆற்றையும் இணைத்துப் படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்ட 377 கி.மீ. நீர்வழி 1984இல் முடிந்தது. ஃப்ளாட் பிக்டோவும் ஸ்டிரப்ஷெல்லும் டோம்பிக்பியில் வாழ்ந்தவை. அவற்றின் கடைசி ஆண்டுகள் 1984, 1986 என்று ஏற்கனவே பார்த்தோம்.

1993இல் மட்டி ஆய்வாளர்கள் குழு ஒன்று அமெரிக்கா, கனடா முழுவதற்குமான நிலையை மதிப்பிட்டது. 297 இனங்களும் துணையினங்களும். அவற்றில் 213க்கு ஏதேனும் ஒரு நிலை ஆபத்து: 71.7 விழுக்காடு. நிலையாக இருப்பவை 70 மட்டுமே. வட அமெரிக்காவின் பறவைகளும் பாலூட்டிகளும் இந்த விகிதத்துக்கு அருகில்கூட இல்லை. இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதியும் அணைகள், மாசு, வண்டல் ஆகியவற்றின் விளைவையே அளந்தது.

இந்த நிலையில்தான் வரிக்குதிரை மட்டி வந்தது.

அதன் தாயகம் கருங்கடலையும் காஸ்பியன் கடலையும் சூழ்ந்த ஆறுகள். விரல் நகத்தளவு உடல், வரிகளோடு கூடிய ஓடு. கப்பல்கள் சரக்கில்லாதபோது நிலை தடுமாறாதிருக்க அடித்தொட்டிகளில் நீரை ஏற்றிக்கொள்ளும். இதைப் பேலஸ்ட் நீர் என்பார்கள். ஒரு துறைமுகத்தில் ஏற்றிய நீர் இன்னொரு துறைமுகத்தில் கொட்டப்படும், அதிலுள்ள உயிர்களோடு. செயின்ட் லாரன்ஸ் கடல்வழி 1959இல் திறந்ததிலிருந்து பெருங்கடல் கப்பல்கள் வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளுக்குள்ளும் வந்து போயின. 1981இல் கனடிய அரசுக்காகத் தயாரான ஓர் அறிக்கை, பேலஸ்ட் நீர் வழியே பேரேரிகளுக்கு வரக்கூடிய உயிர்களில் வரிக்குதிரை மட்டியையும் குறிப்பிட்டிருந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1988 ஜூனில், செயின்ட் கிளேர் ஏரியில் வின்ட்சர் பல்கலைக்கழக மாணவர்களின் கையில் அது அகப்பட்டது. 1990க்குள் ஐந்து பேரேரிகளிலும் இருந்தது. 1991இல் சிகாகோ கால்வாய் வழியே இல்லினாய் ஆற்றில் நுழைந்தது. 1993இல் மிசிசிப்பியின் கழிமுகத்துக்கு அருகே, லூசியானாவில் இருந்தது.

இதன் வேகத்துக்குக் காரணம் எளியது. இதற்கு மீன் தேவையில்லை. ஒரு பெண் ஆண்டுக்கு பத்து லட்சம் முட்டைகள் வரை இடும். லார்வாக்கள் சில வாரங்கள் நீரில் தானாகவே மிதந்து செல்லும். பிறகு உறுதியான நார்களை விட்டு எதையும் பற்றிக்கொள்ளும்: கல், குழாய், படகின் அடிப்பாகம், இன்னொரு மட்டியின் ஓடு.

மிச்சிகன் மாநிலத்தில் மன்ரோ மின்நிலையத்தின் நீர் உறிஞ்சும் கால்வாயில் 1988இல் சதுர மீட்டருக்கு 200க்கும் குறைவாக இருந்தன. மறு ஆண்டே 7,00,000க்கு மேல். அதே 1989 டிசம்பரில் மன்ரோ நகரின் குடிநீர்க் குழாய் வாயை மட்டிகளும் பனித்துகளும் அடைத்தன. நகரம் இரண்டு நாள் குடிநீரின்றி இருந்தது.

நாட்டு மட்டிகளுக்கு நேர்ந்தது இப்படி. மென்மையான வண்டல் படுகையில் நார் பற்றுவதற்கு உறுதியான பரப்பு அதிகம் இல்லை. படுகைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நாட்டு மட்டியின் பின்முனை அப்படியொரு பரப்பு. மட்டி மூச்சும் உணவும் எடுப்பது அந்த முனை வழியேதான். செயின்ட் கிளேர் ஏரியில் ஒரே நாட்டு மட்டியின்மேல் 10,000க்கும் அதிகமான வரிக்குதிரை மட்டிகள் எண்ணப்பட்டன. சுமந்திருக்கும் மட்டியால் ஓட்டைத் திறக்கவோ மூடவோ நகரவோ முடியாது. ஒட்டியிருப்பவை ஒவ்வொன்றும் நாளுக்கு ஒரு லிட்டர் வரை நீரை வடிக்கின்றன. அடியிலிருப்பதற்கு எட்டும் நீரில் உணவு இருக்காது. உடலில் சேர்த்து வைத்திருந்த சத்து தீர்ந்ததும் அது சாகும். அணை ஒரு மட்டியின் சந்ததியை நிறுத்தியது. இது முதிர்ந்த மட்டியையே கொன்றது.

செயின்ட் கிளேர் ஏரியில் 29 இடங்களில் தொடர்ந்து எடுத்த கணக்கு உள்ளது. 1986இல் அங்கே 281 நாட்டு மட்டிகள் கிடைத்தன. 1990இல் 248. 1992இல் 99. 1994இல் 6.

1998இல் ரிச்சியார்டி, நெவ்ஸ், ராஸ்முசன் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு, படையெடுப்புக்கு உள்ளான பல நீர்நிலைகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தது. வரிக்குதிரை மட்டி அடர்ந்த இடங்களில் நாட்டு மட்டிகள் நான்கிலிருந்து எட்டு ஆண்டுகளுக்குள் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்திருந்தன. வேறெங்கும் இல்லாத 60க்கும் மேற்பட்ட இனங்கள் மிசிசிப்பி வடிநிலத்தில் உலகளாவிய அழிவின் விளிம்பில் இருப்பதாக அவர்கள் கணக்கிட்டனர். அதற்கு முன் பத்தாண்டுக்கு 1.2 விழுக்காடாக இருந்த அழிவு வேகம் 12 விழுக்காடாகும் என்பது அவர்களின் முன்கணிப்பு.

இந்த முன்கணிப்பு எல்லா இடத்திலும் முழுதாகப் பலித்துவிடவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றுக்கு வரிக்குதிரை மட்டி 1991இல் வந்தது. சில ஆண்டுகளில் ஆற்றின் மிதவை நுண்பாசி 80 முதல் 90 விழுக்காடு குறைந்தது. நாட்டு மட்டிகளும் சரிந்தன. ஆனால் 2000க்குப் பிறகு சரிவு நின்றது. முன்பிருந்த அடர்த்தியில் 4 முதல் 22 விழுக்காடு என்ற அளவில் அவை நிலைத்தன. பேரேரிகளின் கரையோரச் சதுப்புகளிலும் ஆழமற்ற வளைகுடாக்களிலும் சிறு கூட்டங்கள் தப்பின. இது உண்மையான நல்ல செய்தி. 4 விழுக்காடு என்பதும் அதே செய்தியின் பகுதி.

தப்பித்த இடங்கள் பெரும்பாலும் படகுகள் வராத சிற்றாறுகள். எஞ்சிய இனங்கள் அங்கே ஒதுங்கியிருப்பதால், ஒரே இடத்தில் நடக்கும் ஒரே விபத்து பல இனங்களைத் தொடும். வர்ஜீனியாவின் கிளிஞ்ச் ஆறு இன்று 40க்கும் மேற்பட்ட இனங்களின் புகலிடம். 1998 ஆகஸ்டில் அதன் அருகே ரப்பர் தொழிலுக்கான ரசாயனம் ஏற்றிச் சென்ற டேங்கர் லாரி ஒன்று கவிழ்ந்தது. சுமார் 5,000 லிட்டர் ஆற்றில் கலந்தது. ஏறத்தாழ 7,000 மட்டிகள் செத்தன; அழிவின் விளிம்பிலிருந்த மூன்று இனங்கள் அவற்றில் இருந்தன. 2016 முதல் அதே ஆற்றில் ஃபெசன்ட்ஷெல் என்ற மட்டி கூட்டம் கூட்டமாகச் செத்துவருகிறது. செத்தவற்றில் ஒரு வைரஸ் கண்டறியப்பட்டுள்ளது.

மீட்பு முயற்சிகள் திறமையாக நடக்கின்றன. 1976இல் பாதுகாப்புப் பெற்ற ஹிக்கின்ஸ் ஐ என்ற மட்டியை, மிசிசிப்பியில் வரிக்குதிரை மட்டி பெருகியபின், விஸ்கான்சினில் உள்ள ஜெனோவா மீன்பண்ணையில் வளர்க்கிறார்கள். மீனின் செவுளில் லார்வாக்களை ஏற்றி, உதிரும் குஞ்சுகளைச் சேகரித்து, வரிக்குதிரை மட்டி இல்லாத ஆறுகளில் விடுகிறார்கள். அந்த ஆறுகள் இல்லாமல் இந்த முறைக்குப் பயனில்லை.

வந்துவிட்ட மட்டியை ஒழிக்க முடியுமா? ஒரு முறை முடிந்தது. வர்ஜீனியாவின் மில்புரூக் கல்குவாரிக் குட்டையில் 2006 தொடக்கத்தில் மூன்று வாரம் பொட்டாசியம் குளோரைடு கரைசலைச் செலுத்தினார்கள். வரிக்குதிரை மட்டி முழுதும் அழிந்தது; திறந்த நீர்நிலையில் அமெரிக்காவின் முதல் வெற்றி. குட்டையின் பரப்பு 12 ஏக்கர். செயின்ட் கிளேர் ஏரியின் பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர்.

ஓடும் ஆற்றில் நிலைமை வேறு. 2023 செப்டம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஸ்னேக் ஆற்றில், வரிக்குதிரை மட்டியின் உறவான குவாகா மட்டியின் லார்வாக்கள் கிடைத்தன. கொலம்பியா வடிநிலத்தில் அதுவே முதல் முறை. அக்டோபரில் செம்பு சேர்ந்த மருந்தை ஆற்றில் பல கிலோமீட்டருக்குச் செலுத்தினார்கள். மீன்கள் டன் கணக்கில் செத்தன. 2024 செப்டம்பரில் லார்வாக்கள் மீண்டும் கிடைத்தன. அக்டோபரில் மீண்டும் மருந்து.

பேலஸ்ட் நீருக்கான விதிகள் தாமதமாக வந்தாலும் வேலை செய்தன. பேரேரிகளுக்கு வரும் கப்பல்கள் நடுக்கடலில் நீரை மாற்ற வேண்டும் என்பது 1993இல் கட்டாயமானது. தொட்டி காலி என்று அறிவித்த கப்பல்களின் அடியில் எஞ்சிய சேற்றுநீர் விதிக்குள் வரவில்லை. 2006இல் கனடாவும் 2008இல் அமெரிக்கத் தரப்பும் அதையும் உப்புநீரால் கழுவச் செய்தன. அதன்பின் பேரேரிகளுக்குப் புதிய வரவுகள் வெகுவாகக் குறைந்தன. கப்பல்களுக்கான உலக ஒப்பந்தம் 2004இல் ஏற்கப்பட்டு 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இடையில் 13 ஆண்டுகள். தென் அமெரிக்கக் கழிமுகங்களைச் சேர்ந்த மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்ற மட்டி கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் தமிழ்நாட்டின் எண்ணூரிலும் பரவியது இந்தக் காலத்தையொட்டித்தான். இது உவர்நீர் மட்டி. கப்பல் வழியே வந்ததாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எண்ணூர் மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். கொசஸ்தலை ஆற்றின் சேற்றைப் பாய்போல் மூடி, இறால் புதையும் இடத்தை அது இல்லாமல் ஆக்குகிறது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

கப்பலைத் தடுத்த பிறகும் சாலை இருந்தது. 2007 ஜனவரியில் குவாகா மட்டி, அதுவரை அறியப்பட்ட இடங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தள்ளி, பாலைவனத்திலுள்ள மீட் ஏரியில் கிடைத்தது. லாஸ் வேகஸ் நகரின் குடிநீரில் பெரும்பகுதி அந்த ஏரியிலிருந்து வருகிறது. இழுவண்டியில் ஏற்றிய உல்லாசப் படகோடு அது வந்திருக்க வேண்டும். 2021 மார்ச்சில், மீன்தொட்டிகளில் அலங்காரத்துக்கு வைக்கும் பாசி உருண்டைகளுக்குள் உயிருள்ள வரிக்குதிரை மட்டிகள் இருப்பது தெரிந்தது. சியாட்டிலில் ஒரு செல்லப்பிராணிக் கடை ஊழியர் கவனித்துச் சொன்னார். தேடியபோது இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களின் கடைகளில் அவை இருந்தன.

2024 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் துறைமுகத்தில் தங்க மட்டி கண்டறியப்பட்டது. வட அமெரிக்காவுக்கு இது புதிது. சீனாவையும் தென்கிழக்காசியாவையும் சேர்ந்தது. 1991இல் அர்ஜென்டினாவின் பிளாட்டா கழிமுகத்தில் காணப்பட்டு, படகுகளில் ஒட்டி, ஆற்றின் ஓட்டத்துக்கு எதிராக ஆண்டுக்கு சுமார் 240 கி.மீ. வேகத்தில் ஏறி, 2001இல் இதாய்ப்பு அணையை அடைந்த இனம். நீரில் கால்சியம் குறைவு என்பதால் வரிக்குதிரை மட்டியும் குவாகா மட்டியும் பெருக முடியாத நீர்நிலைகள் மேற்கு அமெரிக்காவில் பல உண்டு. தங்க மட்டிக்கு அந்த அளவே போதும்.

ஸ்டாக்டனில் கண்டறியப்பட்ட அதே மாதம், சுமார் 100 கி.மீ. தெற்கே ஓ'நீல் நீர்த்தேக்கத்திலும் அது இருந்தது. அந்த நீர்த்தேக்கத்தின் வழியே செல்லும் நீர்த்திட்டம் 2 கோடியே 70 லட்சம் மக்களுக்கும் 7,50,000 ஏக்கர் வயலுக்கும் நீர் கொடுக்கிறது. அதன் விசைப்பம்புகள் நீரைத் தெற்கே அனுப்பிக்கொண்டிருந்தன.